உப்புக் கை மாஸ்டர்

பன் மாஸ்டர் மயங்கி விழுந்தபோது, அப்போதுதான் அடுப்பிலிருந்து இழுத்த ஒரு தட்டு ரொட்டியும் அவரோடு சேர்ந்து விழுந்தது. கண் திறந்ததும் மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "ரொட்டி என்னாச்சு?"

"ரொட்டி கிடக்கட்டும்! உங்களுக்கு என்னாச்சுன்னு கேளுங்க" என்று பேக்கரி முதலாளியம்மா கத்தினார்.

சர்க்கரைதான், வேறென்ன. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாவுச்சத்தைக் குறைக்கணும், எடை தூக்கிப் பழகணும், மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். முதலாளியம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "அதுக்குள்ள சர்க்கரை இறங்கலைன்னா நீங்க அடுப்புப் பக்கம் வரக் கூடாது மாஸ்டர். முன்னால கல்லாவுல உக்காந்து பொட்டலம் கட்டுங்க. நெருப்பு முன்னால நீங்க விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. கல்லாவில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்ட வேண்டும். சில்லறை இல்லை என்பவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டும். அவருக்கு அதெல்லாம் ஆகாது. மாவும் நெருப்பும்தான் அவர் பேச்சைக் கேட்கும். சின்ன வயசிலிருந்து அந்த அடுப்புக்கு முன்னால் நின்று பழகிய மனுஷன், அதை விட்டுக் கொடுப்பதா?

சைக்கிள் கடை மாடியில் இருந்த ஜிம்மில் போய்ச் சேர்ந்தார். அங்கே கோச் ஒரு பெண், ஒரு காலத்தில் போட்டிகளில் பளு தூக்கியவர். மாஸ்டரின் தொப்பையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "கை பரவால்லண்ணே, மாவு பிசைஞ்ச கை. முதுகுதான் வில்லா வளையுது. காலால தரையை அமுக்கி எந்திரிங்க" என்று வெறும் கம்பியைக் கொடுத்தார். மறுநாள் மாஸ்டரால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. கட்டிலில் ஏறுவதற்குக்கூட ஐயோ அம்மா என்று ஒரு பாட்டு.

வீட்டில் முட்டை, மீன், கீரை, மறுபடி முட்டை. அவர் மனைவி தையல்காரி. வாயும் கத்திரி மாதிரிதான். "ஏங்க, இதே வேகத்துல போனா ஒருநாள் காலையில எந்திரிச்சுக் கூவப் போறீங்க" என்றாள். முதல் வாரம் தலைவலியும் எரிச்சலுமாக மாஸ்டர் எதிரே வந்தவர்களை எல்லாம் கடித்துக் குதறினார். அப்புறம் பழகிவிட்டது. கம்பியில் எடைத் தட்டு ஏறியது, இன்னொரு தட்டு ஏறியது. முன்பு இரண்டு பேர் பிடித்த மாவு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்தார். வேலையாட்கள் விசில் அடித்தார்கள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு நப்பாசையில் அவராகவே போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவே இல்லை!

"உண்மையச் சொல்லுங்க, எங்க போய்த் திங்கறீங்க?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பருக்கை தொடலடி! உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"என் தலைய விடுங்க. உங்க தலை என்ன, வாடகைக்கா விட்டிருக்கு?"

மாஸ்டருக்கு மனசு விட்டுப்போனது. ராத்திரி பகலாகப் பட்டினி கிடக்காத குறையாக வாயைக் கட்டுகிறார், கட்டினவளே நம்பவில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் அவித்த முட்டை கொண்டுவந்த சாக்கில் பேக்கரிக்குள் நுழைந்து, முதலாளியம்மாவோடு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

மாஸ்டர் மாவில் உப்பை அள்ளிப் போட்டார். அளவெல்லாம் கிடையாது, கைதான் கணக்கு. துளி மாவைக் கிள்ளி நாக்கில் வைத்தார். இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னொரு கிள்ளல். அடுப்பிலிருந்து தட்டு வந்தது. ஓரத்து ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். அடுத்த தட்டு வந்தது, அடுத்த விள்ளல். அதற்கடுத்த தட்டும் வந்தது.

"ஏங்க, வாயில என்ன?"

"ஒண்ணுமில்லையே" என்றார் மாஸ்டர், வாய் நிறைய ரொட்டியோடு.

முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் கல்லாவிலிருந்தவர் எழுந்து ஓடிவந்தார். மாஸ்டர் மட்டும் பேயறைந்த மாதிரி நின்றார். சத்தியமாக அவருக்குத் தெரியவே தெரியாது. கேட்டால், அது வேலை, அதைப் போய்ச் சாப்பாடு என்று யாராவது சொல்வார்களா?

அன்றைக்கே மனைவி ஒரு துணியைத் தைத்து அவர் வாயைக் கட்டிவிட்டாள். மறுநாள் கடையில் ரகளை. ரொட்டியில் உப்பே இல்லை! வாங்கியவர்கள் பாதி தின்றதைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள்.

"அளந்து போடுங்களேன்" என்றாள் மனைவி.

"மாவு தினம் ஒரு மாதிரி இருக்கும். அளந்து போட இது என்ன மருந்துக் கடையா?" என்று மாஸ்டர் சீறினார்.

முதலாளியம்மாதான் வழி சொன்னார். "மாஸ்டர், இனிமே நான் ருசி பாத்துச் சொல்றேன். நீங்க போடுங்க."

அப்படியே நடந்தது. அவர் கிள்ளி நீட்டுவார், அந்தம்மா "இன்னும் கொஞ்சம்" என்பார். சில வாரத்தில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் தட்டெல்லாம் காலி. மாஸ்டர் ஜிம்மில் போய் மார்தட்டினார். "எல்லாம் நீங்க குடுத்த தெம்புதான் கோச்! கம்பி தூக்கின கை பிசைஞ்சா மாவு சும்மா நிக்குமா?"

மூன்றாம் மாதம் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் கைகுலுக்கி, இன்றைக்கு ஒரு துண்டு ரொட்டி தின்றால் குடிமுழுகாது என்றார். மாஸ்டரும் மனைவியும் பேக்கரிக்கு ஓடாத குறையாக வந்தார்கள். முதலாளியம்மா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுப்பு உங்களுதுதான் மாஸ்டர். இனி உங்க நாக்கே போதும், எனக்கு விடுதலை."

மாஸ்டர் சூடாக ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். முகம் மாறியது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

உப்பு தூக்கலாக இருந்தது. அவர் இத்தனை வருஷம் போட்ட உப்பு இதில்லை. இன்னும் மென்றார். மெல்ல மெல்ல, வெந்த மாவின் வாசனை அந்த உப்பில் எழும்பி நாக்கெல்லாம் பரவியது. இதற்குத்தான் தெருவே வரிசையில் நின்றிருக்கிறது. கைத்தெம்புக்கு இல்லை. அவருக்கு வலித்தது, பொய் சொல்வானேன். இந்த அடுப்புக்காகத்தானே இத்தனை பாடும்?

விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அம்மா, நல்லாருக்கு. நான் போட்டதைவிட நல்லாருக்கு."

மாஸ்டர் கைகழுவிக்கொண்டு போய் அடுத்த மாவைப் பிசைந்தார். உப்புப் போட்டு, ஒரு துளி கிள்ளி, அந்தம்மா முன்னால் நீட்டினார்.

"விடுதலையாவது ஒண்ணாவது. பாத்துச் சொல்லுங்க."