கைப்பைக்குள்ள அடங்கிற துவக்கு

துவக்கு விக்கிற கடையில நிக்கிற தமிழனுக்கு டென்மார்க்கில இருக்கிற தமிழர் எல்லாரும் சொந்தக்காரர். சாரிக் கடையிலயும் பலசரக்குக் கடையிலயும் நிண்டு சனத்தோட மாரடிக்கிற உங்களுக்கு என்ர பாடு விளங்கும். நான் நிக்கிறது பிராண்டேக்குக் கிட்ட, துப்பாக்கியும் தோட்டாவும் விக்கிற ஒரு வேட்டைச் சாமான் கடையில.

நகைக்குக் காவல்

சபாநாதன் அண்ணை காற்றாலை பக்டரியில வேலை. ஒருநாள் வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த பிஸ்டல்களை ஃபோன் வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொண்டாப் பாத்தார். "இதில பாரம் குறைஞ்சது எது? கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வெளியில தெரியாம இருக்க வேணும்." கோயில் திருவிழாவுக்கு மனிசி நகை போட்டுக்கொண்டு வாறவவாம், அதுக்குக் காவலாம்.

துவக்குக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து துவக்குக் கேக்கிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. சுடுற கிளப்பில வருசக்கணக்கா மெம்பரா இருந்து, பொலிஸ் அனுமதியும் எடுத்தவைக்குத்தான் இது, அதுவும் குறி பாத்துச் சுடுறதுக்கு மட்டும், வீட்டில இரும்புப் பெட்டியில பூட்டி வைக்க வேணும், தற்காப்புக்கு எண்டு ஆருக்கும் குடுக்க மாட்டினம் எண்டு தொண்டை வறளச் சொன்னன். எல்லாத்தையும் ஆறுதலாக் கேட்டுப்போட்டுச் சொன்னார்: "தம்பி, அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு. நீ தமிழனுக்குத் தமிழன் பாத்துச் செய்."

வதனி கேட்டது

வதனியும் அதே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலதான் வந்து நிண்டவ. கொம்யூனில, அதுதான் ஊர் நகரசபையில, வேலை. பின்னேரத்தில தனியக் கார் ஓடிக்கொண்டு வயசு போன ஆக்களின்ர வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற பிள்ளை. புருசனை விட்டிட்டு வேற ஊருக்கு மாறி, விலாசத்தை ரெண்டு மூண்டு பேருக்கு மட்டும் சொல்லி வைச்சிருந்தவ. அவன் வேற வேற நம்பரில இருந்து ஃபோன் எடுத்து, "எங்க ஒளிச்சாலும் வந்து கொல்லுவன்" எண்டு சொல்லுறானாம்.

"ஒரு கையால பிடிக்கக் கூடியது எது அண்ணை? கைப்பைக்குள்ள கிடந்தாக் காணும்."

சபாநாதன் அண்ணைக்குச் சொன்ன அதே சட்டத்தைத்தான் இந்தப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டிக் கிடந்துது. சொல்லச் சொல்ல வாய் கசந்துது. மிளகு ஸ்பிறேயாவது தாங்கோ எண்டா. அதுக்கும் பொலிஸ் அனுமதி வேணும், கிடைச்சாலும் வீட்டுக்குள்ள மட்டும்தான். பொலிஸ் அவவுக்குச் சொன்னது, ஏதும் நடந்தா 112க்கு எடுக்கட்டாம். நடந்தாப் பிறகு ஆர் எடுக்கிறது? கடைசியில நான் எடுத்துக் குடுத்தது வேட்டைக்காரர் பாவிக்கிற ஒரு டோர்ச் லைட். கண் கூசிற வெளிச்சம் எண்டு விளங்கப்படுத்தினன். வதனி அதைப் போட்டுப் பாத்துப்போட்டு என்னைக் கேட்டா: "அவன் கதவை உடைச்சு வரேக்க, முகத்தை வடிவாப் பாக்கிறதுக்கோ அண்ணை?"

ஒரு வீட்டுக்கு ஒரு கார்ட்

சபாநாதன் அண்ணை திரும்ப வந்தார், மகள் பெரிசானதுக்குச் செய்யிற சாமத்தியவீட்டு அழைப்புக் கார்ட்டோட. வதனி வருவாவோ எண்டு சும்மாதான் கேட்டன். "வராம? கார்ட்டைப் புருசன்ர கையில குடுத்தனான். அவளின்ர விலாசத்தையும் சொல்லி, நீயே போய்க் குடுத்துக் கூட்டிக்கொண்டு வா எண்டனான்" எண்டு பெரிய புண்ணியம் செய்தவர் மாதிரிச் சொல்லுறார். விலாசம் இவரின்ர மனிசிக்குத் தெரியுமாம். வதனி நம்பிச் சொன்ன ஆக்களில அவவும் ஒராளாம்.

கடை எண்டும் பாக்காமக் கத்திப்போட்டன். அவன் கொல்லுவன் எண்டு நிக்கிறான், உங்களுக்கு விசரோ எண்டு கேட்டன். மனிசனுக்குக் கோவம் கூட வரேல்ல. கார்ட்டை மேசையில வைச்சுப்போட்டுச் சொன்னார்: "பெண்சாதிக்குத் தனிக் கார்ட் குடுத்தா, நாங்களே பிரிச்சு வைக்கிற மாதிரி எல்லே தம்பி."

அண்டைக்கே வதனிக்கு ஃபோனில சொன்னன். அவ உடுப்பு ரெண்டை எடுத்துக்கொண்டு, கூட வேலை செய்யிற ஒரு டெனிஷ் பிள்ளையின்ர வீட்டுக்குப் போயிட்டா.

எல்லாம் சரியாக் கொண்டு வந்தவன்

அதே கிழமை அவன் வந்தான். வதனியின்ர புருசன். வேலையிடத்து ஆக்களோட சேர்ந்து வேட்டைச் சோதனை பாஸ் பண்ணினவனாம், லைசென்ஸ் கையில கிடந்துது. நல்லதா ஒரு வேட்டைத் துவக்குக் காட்டுங்கோ எண்டான். கைப்பைக்குள்ள அடங்கிறது ஒண்டு கேட்ட பிள்ளைக்குச் சட்டம் சொன்ன அதே மேசை இது. இவனுக்குச் சட்டத்தில ஒரு குறையும் இல்லை.

நான் துவக்கு அலுமாரியைப் பூட்டின திறப்பை எடுக்கேல்ல. விக்க மாட்டன் எண்டு சொன்னன். முதலாளி, டெனிஷ் மனிசி, ஓடி வந்து என்ன பிரச்சினை எண்டு கேட்டா. ஃபோனில வந்த மிரட்டலைச் சொன்னன். அவ என்னையும் அவனையும் மாறி மாறிப் பாத்தா. பிறகு உள்ளுக்குப் போய்ப் பொலிசுக்கு எடுத்தா. அவன் மேசையில சாஞ்சுகொண்டு சிரிச்சான்: "அண்ணை, நான் மான் சுடக் கேட்டா உங்களுக்கு எங்க நோகுது?"

கடைசியாக் கேட்டது

அவன்ர லைசென்ஸைப் பொலிஸ் பறிச்சுப்போட்டுது. அந்தச் சந்தோசத்தைச் சொல்ல வதனிக்கு எடுத்தன். அப்பவும் அவ புது வீடுதான் தேடிக்கொண்டிருந்தா. ஒடென்சே நல்லது, ஓகூஸ் நல்லது, அங்க எங்கட சனம் இருக்கு, ஒரு அந்தரம் ஆபத்தெண்டா உதவும் எண்டு நான் அடுக்கிக்கொண்டு போனன். வதனி இடையில மறிச்சா: "துவக்கு வேண்டாம் அண்ணை, எங்கட சனம் இல்லாத ஊர் ஒண்டு சொல்லுங்கோ."

துவக்குக்கு இரும்புப் பெட்டியும் பூட்டும் கட்டாயம் எண்டு சட்டம் போட்ட நாட்டில, எங்கட ஆக்களின்ர வாயை மட்டும் திறந்தபடி கொண்டு திரிய விட்டிருக்கினம்.