பெசிக்ஹைமில் ஒரு கூட்டும் வாரம்

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் கார்ல்ஸ்ரூஹேயில், வெள்ளிக்கிழமை மாலை 5.06க்கு ரயில் ஏறும்போது என் முதுகில் ஒரு பை, வாயில் ஒரே ஒரு பதில். 'முடியாது' என்பதுதான் அந்தப் பதில். அதைச் சொல்வதற்காகவா இரண்டு நாள் ஊர் சுற்றப் போனாய் என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்காகத்தான் போனேன்.

விஷயம் இதுதான். என் கணவர் அருள் இயந்திரப் பொறியாளர். பெசிக்ஹைம் என்ற சிற்றூருக்கு வெளியே பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்று அவருக்கு வேலை கொடுத்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வாரம் ஐந்து நாளும் தொழிற்சாலையில் நிற்கிற வேலை, அதனால் குடிபெயர்ந்தே ஆக வேண்டும். எனக்கு மென்பொருள் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆக, நடுவில் இருந்த ஒரே தடை நான்தான்.

நான் சாத்தூர்க்காரி. பஸ் ஸ்டாண்டில் நான் யாரோடு பேசினேன் என்ற செய்தி நான் வீடு வந்து சேருமுன் வீட்டுக்கு வந்துவிடும். கல்யாணமாகி ஆறு வருடமாகிறது, குழந்தை இல்லை. ஊருக்குப் போனால் காய்கறிக்காரர்கூட "விசேஷம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்காயை நிறுப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டு வருடமாக நான் ஊர்ப் பக்கம் போகவில்லை. மூன்று லட்சம் பேர் இருக்கிற கார்ல்ஸ்ரூஹேயில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கிருந்து பன்னிரண்டாயிரம் பேர் இருக்கிற ஊருக்குக் குடிபோவதா? ஜெர்மன் சிற்றூர்களிலும் ஜன்னல் திரை ஆடுமாம், பின்னால் நின்று தெருவை வேவு பார்ப்பார்களாம், அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு முடியாதுன்னு சொல்லு. பாக்காமயே சொல்லாத" என்றார் அருள். அதில் நியாயம் இருந்தது. எனக்குப் பிடிக்காத விஷயமே அவர் நியாயமாகப் பேசுவதுதான்.

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து பெசிக்ஹைம் சுமார் எழுபது கிலோமீட்டர். மாதம் 58 யூரோ பயணச்சீட்டு இருந்ததால் தனியாகச் சீட்டு எடுக்கவில்லை. ஃபோர்ட்ஸ்ஹைம், மூலாக்கர் வழியாகப் போய், பீட்டிக்ஹைமுக்குள் நுழையும்போது ரயில் என்ஸ் ஆற்றை உயரமான கல் பாலம் ஒன்றில் கடக்கும். பெட்டியில் எல்லோரும் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். பீட்டிக்ஹைமில் வண்டி மாறினால் ஐந்தே நிமிடத்தில் ஊர்.

நிலையத்தைவிட்டு வந்து என்ஸ் பாலத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் என்ஸ், மறுபக்கம் நெக்கர். இரண்டு ஆறுகளுக்கும் இடையே மேடு. அந்த மேட்டில் ஒன்றன் தோளில் ஒன்று ஏறியதுபோல மரச்சட்ட வீடுகள், இரு முனையிலும் உருண்டையான இரண்டு கல் கோபுரங்கள். கீழே தடுப்பணையில் தண்ணீர் இரைந்து விழுந்துகொண்டிருந்தது.

"எப்படி?" என்றார் அருள்.

"அழகுதான். அழகில்லன்னு நான் எப்ப சொன்னேன்?"

தங்கியது ஒரு சந்தில், பழைய மரச்சட்ட வீட்டின் இரண்டாவது மாடியில். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம், முதல் மாடியில் ஒரு பெண்மணி, அதற்கு மேல் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எங்கள் வீடு. சொந்தக்காரர் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். சாவி சுவரிலுள்ள பெட்டியில் இருந்தது. இரண்டு இரவுக்கு 176 யூரோ, சுத்தம் செய்வதற்குத் தனியாக 35. தரை சாய்வாக இருந்தது. அருள் மேசையிலிருந்து தவறவிட்ட வெங்காயம் தானாக உருண்டு ஜன்னலடியில் போய் நின்றது.

சனிக்கிழமை காலை 8.30க்கு ரொட்டிக் கடைக்குப் போனேன். வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் 2.20, காப்பி 3.10. போகிற வழியில் நாலு பேர் காலை வணக்கம் சொன்னார்கள். முதல் ஆள் சொன்னபோது எனக்குப் பின்னால் யாரோ வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நாலாவது ஆளுக்கு நானே முந்திக்கொண்டு சொன்னேன், அவருக்குப் பரம சந்தோஷம்.

சும்மா சொல்லக்கூடாது, ஊரைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு நகர மன்றத்தின் செம்பழுப்புச் சட்டங்களில் ஒரு கீறல் கண்ணில் படவில்லை. ஜன்னல்தோறும் ஜெரேனியம், அதில் வாடிய பூ ஒன்றுகூட இல்லை. ஊருக்கு வெளியே நெக்கரை ஒட்டிச் செங்குத்தான மலைச்சரிவில், கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் திராட்சை. செப்டம்பர் கடைசி, அறுவடை நடந்துகொண்டிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினேன், எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். மூச்சு வாங்க நின்ற என்னிடம் ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சையை நீட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார் ஒருவர். தோல் தடித்த, உள்ளே தேனாக இருந்த திராட்சை.

12.45க்குச் சந்தைச் சதுக்கத்தில் ஒரு உணவு விடுதியில் இருவருக்கும் சாப்பாடு. மாவுப் பைக்குள் கீரையைப் பொதிந்து அவித்த மவுல்டாஷன், தட்டு 14.80. கொஞ்சம் காரம் கிடைக்குமா என்று பரிமாறிய பெண்ணிடம் கூச்சத்தோடு கேட்டேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு கிண்ணம் நிறைய நறுக்கிய பச்சை மிளகாய் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் வெள்ளை மேலங்கி போட்ட சமையல்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"ஆர் காரம் கேட்டது எண்டு பாக்க வந்தனான்" என்றார். "தமிழோ?"

எழுந்தே நின்றுவிட்டேன். அவர் பெயர் குகன், யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம், இந்த அடுப்பில் பதினெட்டு வருடம்.

"அண்ணே, ஒரு கேள்வி. இந்த ஊர்ல நம்மால இருக்க முடியுமா?"

"ஏன் ஏலாது? முதல் ரெண்டு வருசம் ஒருத்தரும் கதைக்க மாட்டினம். மூண்டாம் வருசத்திலையிருந்து விடமாட்டினம்." சிரித்தார். "காய்ச்சலெண்டு ரெண்டு நாள் படுத்துப் பாருங்கோ. மூண்டாம் நாள் கதவடியிலை சூப் நிக்கும்."

"அதுதாண்ணே எனக்குப் பயமே."

"சூப்புக்கோ?"

"இல்லண்ணே, எனக்குக் காய்ச்சல்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கிறதுக்கு."

குகன் அண்ணை கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். மிளகாயைக் காட்டி, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மதியம் ஆற்றோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்து அந்தத் தொழிற்சாலையைப் பார்த்தோம். விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. அருள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைத் தேடுகிற ஆள் மாதிரி ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்தார். நாலு வருடமாகக் கணினித் திரையில் கட்டம் நிரப்புகிற வேலைதான் அவருக்கு. இரும்பைத் தொட்டே நாளாகிறது. இங்கே இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கலாம். இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினால், எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்கியது. 'கேர்வோஹே' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாய் ஒரு துடைப்பம் வரைந்திருந்தது. செல்பேசியில் போட்டுப் பார்த்தேன். 'கூட்டும் வாரம்' என்று வந்தது. படிக்கட்டையும் வாசலையும் தெருவோரத்தையும் வாரத்துக்கு ஒரு வீடாக முறைவைத்துக் கூட்டுகிற இந்தப் பக்கத்து வழக்கமாம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் அவர்கள் முறை.

"முப்பத்தஞ்சு யூரோவும் வாங்கிட்டு, வெளக்குமாத்தையும் நம்ம கையில குடுப்பாங்களா?" என்றார் அருள். சொந்தக்காரருக்குத் தொலைபேசினோம், எடுக்கவில்லை.

விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தியாக்காரர்கள் வந்து தங்கி, வாசலைக் கூட்டாமல் போய்விட்டார்கள் என்று ஒரு பேச்சு வரக்கூடாதே! ஊர் வாய்க்குப் பயந்து ஓடிவந்தவள், ஊர் வாய்க்குப் பயந்தே ஒரு முடிவெடுத்தேன்.

ஞாயிறு காலை 7.20. படிக்கட்டின் கீழ் அலமாரியில் துடைப்பம் இருந்தது. இருபத்தாறு படிகளையும் கூட்டி இறங்கி, வாசலுக்கு வந்து, தெருவோரத்தைப் பக்கத்து வீட்டு எல்லைவரை கூட்டினேன். மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் மட்கிக் கிடந்த இலைகளையும் கிளறி எடுத்தேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா? ஊரே உறங்கிக்கொண்டிருந்தது. கல் பாவிய தெருவில் என் துடைப்பம் மட்டும் வரட் வரட் என்று சத்தம் போட்டது.

முதல் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "இன்று ஞாயிற்றுக்கிழமை!" என்று ஒரு பெண் குரல். எதிர்வீட்டு ஜன்னலிலும் திரை ஆடியது.

அப்போதுதான் உறைத்தது. ஜெர்மனியில் ஞாயிறன்று சத்தம் வருகிற வேலை எதுவும் செய்யக் கூடாது. ஆறு வருடமாகத் தெரிந்த விஷயம், பதற்றத்தில் எங்கேயோ போய்விட்டது. துடைப்பத்தைப் போட்டது போட்டபடி மேலே ஓடினேன்.

"பாத்தியா? இதுக்குத்தான் நான் சொன்னேன்! பொழுது விடியல, அதுக்குள்ள ரெண்டு ஜன்னல்!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. அருள் துணிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தார். அவர் சட்டைகளை மடித்த விதத்திலேயே, வேலை கைவிட்டுப் போனதென்று முடிவுகட்டிவிட்டார் என்று தெரிந்தது.

8.15க்குக் கதவு தட்டும் சத்தம். முதல் மாடிப் பெண்மணிதான். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பல் மருத்துவரிடம் வேலை செய்பவராம். தன்னை ஹாலர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். கையில் ஒரு தட்டு, மேலே வெள்ளைத் துணி.

"கத்தியதற்கு மன்னிக்க வேண்டும். யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்" என்றார். "அந்தப் பலகையை நான்தான் மாட்டினேன். இந்த வீட்டின் முறை வந்தால் சொந்தக்காரர் சனிக்கிழமை வந்து கூட்டிவிட்டுப் போவார். விருந்தாளிகள் யாரும் அதைத் தொடுவதில்லை. ஒருவர் அதன்மேல் கோட்டை மாட்டினார். ஒரு குடும்பம் நினைவுப் பொருளென்று ஊருக்கே கொண்டுபோய்விட்டது. ஒன்பது வருடத்தில் கூட்டியவர் நீங்கள் மட்டும்தான்."

"தெரியாமல் செய்துவிட்டேன்" என்றேன்.

"அந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறதே, அது இருப்பது எனக்கே இன்றுதான் தெரியும்."

சொல்லிவிட்டு எங்கள் மேசையைப் பார்த்தார். இரண்டு கோப்பை, இரண்டு தட்டு. "நீங்கள் இரண்டு பேரா?" என்றார்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம்.

"ஆமாம், இரண்டு பேர்தான்."

"அப்படியானால் நாலு துண்டு போதும்" என்று சொல்லி, துணியை விலக்கினார். பிளம் பழம் வைத்து அன்று காலையில் சுட்ட கேக். நாலு துண்டை எடுத்து எங்கள் தட்டில் வைத்தார். அவ்வளவுதான், வேறெதுவும் கேட்கவில்லை. அவர் கிளம்புமுன்பே, நின்றபடியே ஒரு துண்டில் பாதியைத் தின்றுவிட்டேன்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டினால் கணக்கில் வராது. இலை மறுபடி விழும். உங்கள் முறைக்குச் சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது." முகத்தில் சிரிப்பே இல்லை. கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2.40க்குக் கிளம்பினோம். விடுதியின் பின்வாசலில் நின்ற குகன் அண்ணை கையசைத்தார். "எப்ப திரும்பி வாறியள்?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

ரயிலில் அருள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கள் கார்ல்ஸ்ரூஹே வீடு நினைவுக்கு வந்தது. அங்கே படிக்கட்டைக் கூட்டுவது ஒரு நிறுவனம். எதிர்வீட்டுக்காரரின் பெயர் எனக்கு அழைப்பு மணிப் பலகையில் படித்துத்தான் தெரியும். ஆறு வருடத்தில் அவர் என்னை எதுவும் கேட்டதில்லை. நான் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் கேட்டதில்லை. யாரும் கேட்காததை நான் நிம்மதி என்று எண்ணியிருந்தேன். அந்தப் பத்து நாளில் சாயங்காலம் ஆனால் அழுதிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சாத்தூரில் கண்கள் என் வயிற்றைப் பார்த்தன. பெசிக்ஹைமிலும் ஜன்னல் திறந்தது, திரை ஆடியது. ஆனால் அந்த அம்மாள் பார்த்தது குழாய்க்குப் பின்னால் இருந்த மூலையை.

பீட்டிக்ஹைமில் மாறிய வண்டி அந்தக் கல் பாலத்தில் ஏறியது. அருள் செல்பேசியைக் கையில் எடுத்தார்.

"சரி, வரலன்னு இப்பவே மெயில் போட்டுடறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"வர்றோம்னு எழுது."

அவர் என்னையே பார்த்தார்.

"ஆனா வர்ற சனிக்கிழமை நாம மறுபடி இங்க வரணும்" என்றேன்.

"எதுக்கு, வீடு பாக்கவா?"

"வீடு அப்புறம் பாக்கலாம். முதல்ல வாசலைக் கூட்டணும். இன்னைக்குக் கூட்டினது கணக்குல வராதாம்."