கட்டையில் நின்ற ஊசி

பால் வாங்கப் போகும்போதும் அக்கா கம்பளி நூலில் பின்னுவார். இடுப்பு வாரில் ஒரு சாண் மரக்கட்டை செருகியிருக்கும். அதன் நுனித் துளையில் வலது ஊசியின் பின்முனை நிற்கும். ஊசியைக் கட்டை தாங்கிக்கொள்வதால் வலது கைக்கு நூலைச் சுற்றிப் போடும் வேலை மட்டும்தான். நூல் உருண்டை மணிக்கட்டுப் பையில் உருண்டுகொண்டே வரும். கண் சாலையில், வாய் எதிரே வருபவரின் குடும்ப நலத்தில், விரல் கண்ணியில். தெருவே அவரை ஊசியக்கா என்றது. கடைக்குப் போகும்போது விரலளவு இருந்த காலுறை திரும்பும்போது குதிகால்வரை வந்துவிடும்.

அக்கா வீட்டின் மாடி அறையில்தான், வேலை கிடைத்த புதிதில், சில ஆண்டுகள் குடியிருந்தேன். அக்காவின் கணவர் தச்சர். எங்கள் வம்சத்தின் முதல் பட்டத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டித் தந்தவர் அவர்தான். கீழே நின்று மேற்பார்வை பார்த்த அக்கா, "இடப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க. படிச்ச படிப்பு சாஞ்சா நிக்கறது?" என்றார். அன்றும் கை பின்னிக்கொண்டுதான் இருந்தது.

இடுப்புக் கட்டையும் தச்சர் கைவேலைதான். கல்யாணமான புதிதில், கதவு செய்து மிஞ்சிய துண்டில் இரண்டு பறவைகளைச் செதுக்கிக் கொடுத்தாராம். "அது வாத்தா கோழியான்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கறேன், மனுஷன் வாயத் தொறக்கல" என்பார் அக்கா. தேய்ந்து தேய்ந்து பறவைகளுக்கு அலகு போய்விட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

தச்சருக்கும் பின்னத் தெரியும். ஆனால் நூலை இறுக்காத, தளர்ந்த கை. அவர் பின்னலில் மீன்கூடத் தப்பிவிடும் என்பது அக்காவின் கணிப்பு.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அக்கா வளர்த்த தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. வீட்டில் அவன் பெயர் சின்னவன். பனிக்கடல் பக்கம் போகும் கப்பல். கருநீல நூலில் ஸ்வெட்டர் தொடங்கினார். மார்பும் முதுகும் இடக்கையும் முடிந்து, வலக்கை முழங்கைவரை வந்திருந்தபோது, ஈரப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சின்னவன் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் சொன்னதைத் தெரு பல நாள் சொல்லிச் சிரித்தது: "அன்னிக்குத்தான் பின்னாம இறங்கினேன். கை சும்மா இருந்துச்சு, கால் வழுக்கிடுச்சு."

அக்கா அசந்து தூங்கிய ஒரு மதியத்தில் தச்சர் ஸ்வெட்டரின் அந்தக் கையை எடுத்து நாலு விரற்கடை பின்னிவிட்டார். விழித்ததும் பெருமையாக மடியில் வைத்தார். நானும் சின்னவனும் பார்த்துக்கொண்டிருந்தோம். முழங்கைவரை பலகைபோல் ஒட்டி வந்த பின்னல், அதற்குக் கீழே பூசணிபோல் உப்பியிருந்தது.

"பரவால்லக்கா, நான் போட்டுக்குவேன்" என்றான் சின்னவன்.

"கடல் காத்து பரவால்லன்னு சொல்லுமாடா?" என்றார் அக்கா. இடக்கையால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தார். நாலு விரற்கடையும் அவிழ்ந்து மடியில் சுருள் சுருளாக விழுந்தது. தச்சர் பட்டறைக்குள் போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் பட்டறையில் உளிச் சத்தமே இல்லை. அக்கா அவிழ்த்த நூலை இடக்கையாலேயே உருண்டையாக்கினார், மறுபடி பிரித்தார், மறுபடி உருட்டினார். மூன்றாம் நாள் காலை நான் இறங்கி வரும்போது இருவரும் ஒரே பெஞ்சில் தோளுரச உட்கார்ந்திருந்தார்கள். வலது ஊசி வழக்கம்போல் இடுப்புக் கட்டையில் நின்றது. இடது ஊசியை அக்காவின் இடக்கை ஓட்டியது. நூலைப் போடவேண்டிய கை மட்டும் தச்சருடையது.

"இழுங்க... ம். போதும். மரத்த அறுக்கறீங்களா?"

"விட்டா தளர்ச்சிங்கற, இழுத்தா அறுக்கறேங்கற."

"பேசாதீங்க, கண்ணி விட்டுப்போவும்."

குளிர் அடித்தால் இன்றும் என் காதில் விழுவது அந்தக் குரல்கள்தான். இருவர் மூச்சும் ஒரு கண்ணிக்கு நின்று மறு கண்ணிக்கு நகரும். சோறு ஆறிக் கிடந்தது. சின்னவன் கதவருகில் நின்று பார்த்தான். கேலி பேச வந்தவன் அப்படியே திரும்பிப் போனான்.

புறப்படும் நாள், பேருந்து நிலையத்தில் அதை அணிந்து நின்றான். அக்கா அவன் வலக்கையைத் தூக்கி, தோளிலிருந்து இடது கட்டைவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரல் நின்றது. ஒரே ஒரு கண்ணி தளர்ந்திருந்தது. தச்சர் வேறு பக்கம் திரும்பி, போகும் பேருந்தின் பலகையைப் படிப்பதுபோல் நின்றார்.

அக்கா இடுப்பிலிருந்து ஊசியை உருவினார். நுனியை அந்தக் கண்ணியருகே கொண்டுபோனார். ஒரு கணம் தச்சரின் முதுகைப் பார்த்தார். பிறகு ஊசியைத் திருப்பிக் கட்டையின் துளையிலேயே செருகிக்கொண்டார்.