சாமுவேல் ஓட்டவிருந்த லாரி

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் தன் இரும்பு கேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். துரு வாடை மூக்கில் ஏறியதும் நான் ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த வேட்டிகளை உருவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். கிழத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் அன்றைக்கு ஆம்பூரில் இல்லை.

அப்போது நான் ஒரு டேனரியில், தோல் பதனிட ஆவாரம்பட்டை நிறுத்து வாங்கும் குமாஸ்தா. லாரி வந்தால் தெருவே கூடிப் பார்த்த காலம். எங்கள் முதலாளி சாயபு வாங்கிய லாரியோ உப்புத்தோல் சுமந்து சுமந்து துருவேறி, கொல்லையில் கோழி அடையும் இடமாகிவிட்டது. தோலில் மயிர் போக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த என் சிநேகிதன் சாமுவேல் அதைப் போய்க் கேட்டான். பள்ளிகொண்டா பஸ்ஸில் கிளீனராக இருந்து ஓட்டக் கற்றவன் அவன். "ஓட வெச்சுக் காட்டு. நீயே டிரைவரு" என்றார் சாயபு.

தொட்டியில் நின்று நின்று அவன் விரல் இடுக்கெல்லாம் புண். சோற்றைப் பிசைந்தால் எரியும். இந்த வண்டி ஓடினால் அவன் கரையேறுவான், அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் ஆனால் உட்கார்ந்து திட்டம் போடுவோம். முதலில் துரு சுரண்டணும், அப்புறம் இஞ்சின், அப்புறம் பச்சைப் பெயின்ட். எனக்கு இஞ்சினும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஹாரன் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். "காவேரிப்பாக்கம் ஏரி வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்றேன் பாரு தோஸ்த்து" என்பான்.

வெயிலில் காயாதீர்கள் என்று சாயபுவே வண்டியைத் தோல் காயப்போடும் கொட்டகை ஓரத்துக்குத் தள்ளிவரச் சொன்னார். செங்கல்லால் துருவைத் தூளாகத் தேய்த்து உதிர்த்தோம். காற்று நன்றாக அடித்தது, சுகமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கொடியில் தொங்கிய ஈரத்தோல்களில் மை தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளி. ஒன்றிரண்டில் இல்லை, எல்லாவற்றிலும். பட்டைச்சாறு ஊறிய தோலில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இரும்பு வாளியைக்கூட உள்ளே விடமாட்டோம். ஆனால் அத்தனை பேரில் ஒருத்தருக்கும், சாயபு உட்பட, லாரியும் இரும்புதான் என்று தோன்றவில்லை. அதை வண்டி என்றே நினைத்துவிட்டோம். இப்போது நினைத்தாலும் திக்கென்கிறது.

சாயபு திட்டவில்லை. ஒரு தோலைக் கையில் எடுத்தவர் அப்படியே குந்திவிட்டார். "இன்னாடா இது" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. அப்புறம் மாடு பூட்டி லாரியைப் பாலாற்று மணலில் கொண்டுபோய்த் தள்ளச் சொன்னார். சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை எடுத்துப்போட்டதும் சாமுவேல்தான்.

அடுத்த வாரம் புதுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தொட்டியில் இறங்கினான். டிரைவர் வேலைக்கென்று தைத்து வைத்திருந்தது. "சும்மா வெச்சிருந்தா பூச்சி அரிக்கும்" என்றான்.

இன்றைக்கு அந்தத் தொட்டிகளைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். பட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டிகள் இல்லை, பாலாற்றில் தண்ணீரும் கம்மி. ரோட்டில் நாளெல்லாம் லாரி போகிறது. ஒவ்வொன்றிலும் டிரைவர் முகத்தைப் பார்க்கிறேன், என்னத்துக்கென்று தெரியவில்லை. சாமுவேல் சாகும்வரை தொட்டியில்தான் நின்றான்.