தோட்டத்து ரயிலும் சித்தப்பாவும்

சித்தப்பாவுக்கு அந்த நாட்களில் ரயில் என்றாலே ஆகாது. சரக்கு ரயிலில் பெட்டிகளைக் கோர்க்கும் வேலை பார்த்தவர். ஒருநாள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வலது கை மாட்டி இரண்டு விரல்கள் போயின. அதன் பிறகு ஒரு வருடமாக வீட்டில்தான் இருந்தார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் பைக்கைத் திருப்பிச் சுற்றுவழியில் போவார். எட்டு வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அப்படிப்பட்டவரை அழுது அடம்பிடித்து நான்தான் அந்த வீட்டுக்கு இழுத்துப் போனேன். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தூத்துக்குடியில் தன் தோட்டம் முழுக்கச் சின்ன ரயில் பாதை போட்டிருந்தார். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வெளியூர் ரயில் பைத்தியங்களும் தங்கள் என்ஜின்களைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"நீ உள்ள போய்ப் பாத்துட்டு வாளா. நான் இங்கன நிக்கேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார் சித்தப்பா.

உள்ளே போனவள் வாயைப் பிளந்து நின்றேன். செம்பருத்திச் செடிகளுக்கு அடியில் பாதை வளைந்து வளைந்து ஓடியது. உடன்குடியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணை மேடு மேடாகக் குவித்து ஒரு தேரிக்காடு. நிஜ உப்பைக் குவித்த உப்பளம். சிமெண்டுத் தொட்டிக்கு மேலே ஒரு பாலம். என் முழங்கை நீளமே இருந்த என்ஜின் நிஜமாகவே புகைவிட்டுக்கொண்டு, உப்பு ஏற்றிய ஆறு பெட்டிகளை இழுத்து வந்தது.

பாலத்தில் கடைசி இரண்டு பெட்டிகள் கழன்று நின்றுவிட்டன. வீட்டுக்காரர் என்ஜினைப் பின்னால் கொண்டுவந்தார். வேகம் கூடி, முட்டியதில் ஒரு பெட்டி தண்ணீரை நோக்கிச் சாய்ந்தது.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க."

சித்தப்பாவின் குரல். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. தொட்டியோரம் மண்டிபோட்டுச் சாய்ந்த பெட்டியை நிமிர்த்தினார். பிறகு கையை உயர்த்தி மெல்ல அசைத்தார். வீட்டுக்காரர் அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு என்ஜினை அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டார். கை நின்றது, என்ஜினும் நின்றது. மூன்று விரல்களால் சித்தப்பா கொக்கியை மாட்டினார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"லைன்ல வேல பாத்தியளோ?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பாத்தேன்."

"இன்னும் ஒரு வண்டி இருக்கு. அதையும் கோத்துத் தாரியளா?"

சித்தப்பா சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கொண்டாங்க" என்றார். சாயங்காலம் வரை அங்கேயேதான் இருந்தார். அவர் கையசைப்புக்காக வெளியூர்க்காரர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அப்பாவிடமும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "பொம்ம ரயிலுக்குப் போய் சித்தப்பாக்கு வேர்த்துக் கொட்டிச்சும்மா" என்று சொல்லிச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து போய்த் தன் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் சித்தப்பா மறுபடி ரயில்வேயில் வேலை கேட்டுப் போனார். அந்தத் தோட்டத்து ரயில் அவ்வளவு அழகாக இருந்ததால்தான் அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.