தக்கைச் சட்டை

சமையலறையில் நல்லெண்ணெய்ப் பாட்டிலின் வாயை அடைத்திருந்த தக்கையை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்து ஒரு வாரமாகிறது. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஒரு பக்கம் அரிவாள்மணையில் சீவிய தடம் தெரிகிறது. மறுபக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. காகிதங்கள் பறக்காமலிருக்கப் பாரமாக வைக்கவும் அது உதவாது. ஜன்னல் வழியே காற்று வந்தால் காகிதத்தோடு சேர்ந்து அதுவும் நகர்ந்துவிடுகிறது. சமையல்கார அம்மாள் பாட்டிலின் வாயில் துணியைச் சுருட்டிச் செருகியிருக்கிறாள். என்னிடம் நேராகக் கேட்கத் தயங்கி, என் காதில் விழும்படி, "எண்ணெய்க்கு எறும்பு ஏறுது" என்று இரண்டு முறை அடுப்பிடம் முறையிட்டுவிட்டாள்.

அதைச் சீவியவள் என் மனைவி. சென்ற தை மாதம் காலமானாள். அந்தத் தக்கை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் நாங்கள் இருவர்; இப்போது நான் மட்டும்.

நான் மதுரை நகருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். கோயிலைச் சுற்றிய தெருக்காரர்களான எங்களுக்குக் குளியலென்றால் அண்டாவும் செம்பும்தான். வைகையில் ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடும். அவளோ மேலூருக்கு அப்பால் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவள். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு வயற்காட்டுக் கிணறுகளில் நீந்தப் பழகுவார்கள். குடுக்கை தேவையில்லை என்று ஆனதும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் கல்மேல் ஏறி நின்று, அங்கிருந்து குதிப்பார்கள்.

மணமான முதல் வருஷம் மாமனார் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கையில் என் மூக்குக்கண்ணாடி நழுவி நீருக்குள் போய்விட்டது. நான் பதறி நிற்கும்போதே அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்துவிட்டாள். இரண்டு முறை வெறுங்கையோடு மேலே வந்தாள். மூன்றாம் முறை நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண்ணாடி அவள் பல்லிடுக்கில் இருந்தது. படியேறி வந்து ஈரத்தோடு அதை என் கையில் கொடுத்து, "மதுரைக்காரவுக தண்ணியத் தள்ளி நின்னே பாக்கணும்போல" என்று சிரித்தாள். அவளுடைய அண்ணன் அப்போது அருகில் நின்றார். "மாப்ள, கெணறு கடிக்காது. நாளைக்கே ஒரு குடுக்கையக் கட்டி எறக்கிவிட்ருவோமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் அதன்பின் அந்தக் கிணற்றின் பக்கம் நான் அதிகம் போகவில்லை.

பல வருஷங்கள் கழித்து, ஒரு ஜமீன் வழக்கின் மேல்முறையீட்டுக்காக, வக்கீலான நான் லண்டனில் எட்டு மாதம் தங்க நேர்ந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவளையும் உடன் அழைத்துச் சென்றேன். மனைவியைச் சீமைக்கு அழைத்துச் சென்றவன் என்று மதுரையில் தல்லாகுளத்து வக்கீல்கள் நடுவே எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை.

வழக்கு முடிந்து ஊர் திரும்பும் தறுவாயில், எங்கள் ஜில்லாவில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றுச் சென்றிருந்த துரை ஒருவர் எங்களை அழைத்தார். அவரும் அவர் மனைவியும் மத்தியதரைக் கடலில் ஒரு சிறிய உல்லாசப் படகை அமர்த்தியிருந்தார்கள். பிரான்சின் தென்கரையில் புறப்பட்டு, இத்தாலிக் கரையோரமாக ஒன்பது நாள் மெல்லச் சென்று நேப்பிள்ஸை அடைவது. அங்கே நாங்கள் கொழும்புக் கப்பலைப் பிடித்துக்கொள்வது. எங்களோடு ஒரு டாக்டரும் அவருடைய இரு பெண்களும் வந்தார்கள். மொத்தமே ஏழு பயணிகள். வெள்ளைப் படகு, மெழுகு தேய்த்த தேக்குத் தளம், ஆளுக்கொரு சாய்வு நாற்காலி, பித்தளை பளபளக்கும் அறைகள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் படகு ஓடும். பின்பு மனித நடமாட்டமில்லாத ஏதாவது ஒரு சிறு விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சுவார்கள். பக்கவாட்டில் ஏணியை இறக்குவார்கள். எல்லோரும் நீந்திவிட்டு வந்த பிறகுதான் பகலுணவு.

முதல் நாள், தளத்தின் விளிம்பில் நின்று என் மனைவி நீரைப் பார்த்தாள். பத்து ஆள் ஆழத்தில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "இம்புட்டுத் தெளிவா அடி தெரியுது. எங்க கெணறு ஐப்பசியில இப்படித்தான் கெடக்கும்" என்றாள். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "உப்புத் தண்ணி ஆளை மேல தூக்கிக் குடுக்குமாம்ல. டாக்டர் மக சொன்னா. அது எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் துரையின் மனைவியான துரைசானி அம்மாள் எங்களை நோக்கி வந்தார். நீங்கள் இருவரும் நீந்துவீர்கள் அல்லவா என்று என்னிடம் கேட்டார். துரையும் திரும்பிப் பார்த்தார். அவர் முன்னால் பத்து வருஷம் நான் வாதாடியிருக்கிறேன். இடுப்பளவு நீரில் இறங்கவும் எனக்கு அச்சம் என்பதை அவரிடம் சொல்ல என் நா எழவில்லை. சற்றும் யோசியாமல், தங்குதடையற்ற ஆங்கிலத்தில், என் மனைவிக்கு நீச்சல் தெரியாது என்றும், தண்ணீரென்றால் அவளுக்குப் பெரும் பயம் என்றும், அவளைத் தளத்தில் தனியே விட்டு நான் இறங்குவது முறையாகாது என்றும் சொன்னேன். எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

லண்டனில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரியோடு பழகியதில், என் மனைவிக்கு அதற்குள் போதுமான ஆங்கிலம் வந்திருந்தது. அறைக்குத் திரும்பியதும், "எனக்கா தண்ணின்னா பயம்?" என்றாள். கோபம் இல்லை, வேடிக்கைதான் இருந்தது.

"வேற என்ன சொல்லச் சொல்ற? ஜட்ஜ் நிக்கிறார்."

"அவரு என்ன, நீஞ்சத் தெரியாதவுகளுக்குத் தண்டனையா குடுக்கப் போறாரு?" என்றாள். சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தவள், "சரி, விடுங்க. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை ஒரு மாலுமி தக்கைச் சட்டையோடு வந்தான். தடித்த கான்வாஸ் துணிக்குள் செங்கல் செங்கலாகத் தக்கைக் கட்டைகளை வைத்துத் தைத்தது. மார்பையும் முதுகையும் மூடும். தண்ணீருக்கு அஞ்சும் விருந்தாளி நிம்மதியாகத் தளத்தில் உலவட்டும் என்று துரைசானி அம்மாள் செய்த ஏற்பாடு அது. உண்மையான அன்போடு செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. சுங்குடிச் சேலையின்மேல் அதைப் போட்டு, மாலுமி நான்கு நாடாக்களையும் இறுக்கிக் கட்டினான். கிணற்றின் அடியிலிருந்து கண்ணாடியைப் பல்லால் கவ்வி வந்தவள், கைகளைச் சற்றே விலக்கியபடி நின்று, அவன் கட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். இது நாள்தோறும் நடந்தது.

டாக்டரின் பெண்கள் நீரில் மல்லாந்து மிதந்தபடி அவளைக் கூவி அழைப்பார்கள். தக்கை இருக்கிறதே, பயமில்லாமல் இறங்கலாமே என்பார்கள். அவள் சிரித்துத் தலையசைப்பாள். சட்டையோடாவது இறங்கேன் என்று நானே ஒருநாள் சொன்னேன். "எறங்குனா காலு கை சும்மா இருக்காதுங்க. தெரிஞ்சுபோயிரும்" என்றாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, துரைசானி அம்மாள் விடாப்பிடியாக அவள் கையைப் பிடித்து ஏணியின் கடைசிப் படியில் உட்காரவைத்தார். கால்களை நீரில் விட்டு உதைக்கக் கற்பித்தார். அவள் முதன்முதலாகக் கற்பவளைப் போல நீரைத் தாறுமாறாக அடித்தாள். துரைசானி அம்மாள் ஏதோ எடுத்துவர மேலே போன சிறு இடைவெளியில், அந்தக் கால்கள் தாமாக வேறொரு கதிக்கு மாறின. ஓசையில்லை, திவலையில்லை. முழங்காலுக்குக் கீழே நீர் மெல்லச் சுழித்துச் சுழித்து விலகியது. நீந்திக்கொண்டிருந்த டாக்டர் சற்றுத் தொலைவில் நின்று அவள் கால்களைப் பார்த்தார். பின்பு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பி நீந்திப் போனார். நான் கையிலிருந்த பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஒன்பதாம் நாள்தான் கடைசி விரிகுடா. பொழுது புலரும் நேரம். நான் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மேலே வந்தாள். சேலையைக் கிணற்றில் இறங்குவதற்குச் செருகுவதுபோல இறுகச் செருகியிருந்தாள். அத்தனை வருஷங்களுக்குப் பின் அந்தக் கோலத்தில் அவளை அன்றுதான் பார்த்தேன்.

"யாரும் எந்திரிக்கல. ஒரே ஒரு தடவை குதிச்சு ஏறிர்றேன்" என்றாள்.

"யாராச்சும் பாத்துட்டா?"

"பாத்தா என்ன, ஒன்பது நாள்ல கத்துக்கிட்டான்னு சொல்லுங்க."

"ஒன்பது நாள்ல யாரும் குதிக்கக் கத்துக்க மாட்டாங்க. நான் சொன்னது பொய்னு ஆயிரும்" என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. நான் கேட்டுக்கொண்டால் எதையும் அவள் எளிதில் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று பிறர் சொல்வதுண்டு. அது உண்மையல்ல, வாதாடும் அளவுக்குப் பொருட்படுத்தியவற்றில் அவள் என்னைப் பலமுறை வென்றிருக்கிறாள். அன்று ஏன் வாதாடவில்லை என்பது எனக்குத் தெரியாது. விளிம்பில் நின்று நீரைச் சிறிது நேரம் பார்த்தாள். செருகிய சேலையைத் தளர்த்தித் தழையவிட்டாள். "அப்ப அந்தச் சட்டையை எடுத்துக் குடுங்க. கட்டிவிடுறவன் எந்திரிச்சு வர நேரமாகும்" என்றாள். அன்று நான்கு நாடாக்களையும் நானே என் கையால் கட்டினேன்.

நேப்பிள்ஸில் விடைபெறும்போது, கப்பல் பயணத்துக்கு உதவும் என்று துரைசானி அம்மாள் அந்தச் சட்டையையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். கொழும்பு வழியாகத் தனுஷ்கோடிக்கு வந்து ரயிலேறியபோது என் மனம் உறுத்திக்கொண்டிருந்தது. ராமேசுவரத்தில் இறங்கி ஒரு நாள் தங்கலாமா, கடலில் குளிக்கலாமே என்றேன். "அங்க முழங்கால் தண்ணிதான். முங்கி எந்திரிக்கலாம், நீஞ்ச முடியாது" என்று சொல்லிப் புன்னகை செய்தாள். ரயில் மதுரைக்கு வந்துசேர்ந்தது.

ஐப்பசியில் மேலூருக்குப் போனோம். கிணறு நிரம்பிக் கிடந்தது. அதன் படியில் உட்கார்ந்துதான் அவள் அண்ணன் சீமைக் கதை கேட்டார். "அம்புட்டு நாளு கடல்மேலயே இருந்துருக்கீக. உப்புத் தண்ணி ஆளைத் தூக்குமாமே, நெசமாத்தா?"

"தெரியலண்ணே. அங்கெல்லாம் பொம்பளைங்க தண்ணியில எறங்க மாட்டாங்க" என்றாள்.

"நீயா எறங்காம இருந்த? நம்ப முடியலையே. என்ன மாப்ள?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

அந்தக் கேள்வி என்னிடம் நேராக வந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. "ஆமாம் மச்சான், அங்கே அப்படித்தான்" என்றேன். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் வீட்டுப் பெண்கள் கிணற்றில் இறங்கி அவளை அழைத்தார்கள். தண்ணீர் சில்லென்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய மாற்றுப் புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே இருந்தாள். அதன்பின் எத்தனையோ ஐப்பசிகளில் அங்கே போயிருக்கிறோம். அவள் நீரில் இறங்கி நான் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

தக்கைச் சட்டை இரண்டு வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஒருநாள் கான்வாஸின் தையலைப் பிரித்துக் கட்டைகளை வெளியே எடுத்தாள். துணி கால்மிதியாயிற்று. கட்டைகளை வேண்டியபோது வேண்டிய அளவுக்குச் சீவி, எண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் தேனுக்கும் என் இருமல் மருந்துக்கும் அடைப்பான் செய்தாள். யுத்தகாலத்தில் கடைகளில் எதுவும் அகப்படாதபோது பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். "சீமைத் தக்கை. சும்மா இல்ல, எங்க வீட்டுக்காரரு கட்டிவிட்டது" என்று ஒருமுறை யாரிடமோ சொல்லிச் சிரித்தது என் அறைவரை கேட்டது. ஏறக்குறைய இருபது வருஷத்தில் அந்தச் சட்டை முழுவதும் இப்படிச் செலவாகி, கடைசியில் இந்த ஒன்று மிஞ்சியது.

அவள் மறைந்த செய்தியைத் துரைசானி அம்மாளுக்கு எழுதியிருந்தேன். அவருக்கு இப்போது எண்பதைக் கடந்த வயது, துரையும் இல்லை. சென்ற வாரம் அவருடைய பதில் வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. 'நீரைக் கண்டு அவ்வளவு அஞ்சிய பெண், எனக்காக ஏணியின் கடைசிப் படிவரை வந்தாள். அந்தத் துணிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தார். அன்றுதான் சமையலறைக்குப் போய்த் தக்கையை எடுத்துவந்தேன்.

முப்பது வருஷம் நீதிமன்றத்தில் நின்றவன் நான். தவறான சாட்சியம் ஒன்று பதிவாகிவிட்டால், அது திருத்தப்படும்வரை அதுவே உண்மை என்று கொள்ளப்படும் என்பது எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் ஒரு முதியவரின் நினைவில் என் மனைவி தண்ணீருக்கு அஞ்சிய பெண்ணாகவே இருந்துகொண்டிருக்கிறாள். அந்தச் சாட்சியம் என்னுடையது. ஒரு வாரமாகப் பல காகிதங்களை எழுதிக் கிழித்தேன். விளக்கங்கள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொரு விளக்கமும் எனக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறது. இன்று காலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எழுதினேன்: 'என் மனைவி மிக நன்றாக நீந்துவாள். நீந்தத் தெரியாதவனும் அஞ்சியவனும் நான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.' கையெழுத்திட்டு உறையில் இட்டு நானே நடந்துபோய்த் தபாலில் சேர்த்தேன். மேலூருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். அது இதைவிடக் கடினமாக இருக்கும்.

திரும்பி வந்தபோது சமையல்கார அம்மாள் எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கழுத்தில் மொய்த்த எறும்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேலிருந்த தக்கையை எடுத்துப்போய் நீட்டினேன்.

"இதத்தான்யா ஒரு வாரமாத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள், எடுத்தவன் யாரென்று தெரிந்தும்.

பாட்டிலை அவள் பிடித்துக்கொள்ள, நானே தக்கையை அதன் வாயில் வைத்து அழுத்தினேன். அந்தப் பாட்டிலுக்கென்றே அளவு பார்த்துச் சீவப்பட்டது அது. சிறிது தயங்கி, பிறகு உள்ளே இறங்கிற்று.