மணவாளன் விழுந்த வழி

சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் வாசலில் பச்சைப் பலகை ஒன்று இருந்தது. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே ஒரு எண். அந்த எண்ணைத் தொட உரிமையுள்ளவர் பாதுகாப்பு சூப்பர்வைசர் மணவாளன் ஒருவர்தான். 2010-இல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தெருமுனைக்குக் கீரை வாங்கப் போன மனிதர் கடலூரிலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

கேட்டுக்கு உள்ளே விழுந்தால்தான் விபத்து என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. அது போதாதென்று ஒரு விதியை எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார் மணவாளன். வீட்டிலிருந்து நேர் வழியில் வேலைக்கு வரும்போது விழுந்தாலும் கணக்கில் சேரும். சொந்த வேலையாக வழி மாறிப் போனால் சேராது. அந்த விதி வந்த மாதமே ஃபிட்டர் கதிரவன் மெயின் ரோட்டில் சைக்கிளோடு சாய்ந்தான். முழங்கையில் ஒரு கீறல். நானூற்றுப் பன்னிரண்டை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார் மணவாளன். ஒரு மாதம் கதிரவனோடு யாரும் டீ குடிக்கவில்லை.

இப்போது பலகையில் 998. ஆயிரம் ஆனால் ஆளுக்கொரு டேபிள்டாப் கிரைண்டர், குடும்பத்தோடு விழா. நூற்றுநாற்பது வீட்டில் இட்லி மாவு அந்தப் பலகையை நம்பி இருந்தது.

மணவாளனின் இன்னொரு பெருமை சைவம். மனைவி புஷ்பவள்ளி பூண்டைக்கூடத் தனி டப்பாவில் தள்ளிவைப்பவள். கேன்டீனில் மீன் குழம்பு போடும் நாளில் இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இத்தத் தின்னுட்டுத்தான் மெஷின் முன்னால தூங்கி வழியறீங்க” என்று தட்டு தட்டாகப் போய்ச் சொல்வார். ஆனால் மதிய ஷிப்ட் நாட்களில், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வருகிறவர் முதுநகரில் நேராகப் போகாமல் துறைமுகம் பக்கம் ஒரு தெருவில் திரும்புவார். அங்கே அமராவதி கடையில் நண்டு வறுவல் பார்சல் வாங்கி, தீயணைப்பு வாளிகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். இதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கொள்கை ஊருக்கு. நண்டு தனக்கு.

அன்றைக்கு அந்தத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை அரைகுறையாக மூடியிருந்தார்கள். மணவாளன் இண்டிகேட்டர் போட்டு, ஹார்ன் அடித்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில், சகல விதிகளையும் கடைப்பிடித்து உள்ளே விழுந்தார். தலை பத்திரம். முட்டியும் உள்ளங்கையும் உரிந்தன. ஸ்கூட்டர் படுத்துக்கொண்டே உறுமியது. நண்டு நாலு திசைக்கும் போயிற்று, உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

தூக்கிவிட வந்த கை, அந்த வழியாக ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த கதிரவனுடையது. மெதுவாகத் தெருவைப் பார்த்தான், மசாலாவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“சார், அடி ஜாஸ்தியா?”

“அடியே இல்ல. நான் விழவே இல்ல.”

“சரி சார். அப்ப எழுந்திரிங்க.”

கேட்டில் மேனேஜர் ஞானசேகரன் நின்றுகொண்டிருந்தார். கிழிந்த பேன்டோடு நொண்டி வருகிறவரிடம், “மணவாளன், எங்க விழுந்தீங்க?” என்றார். ஷிப்ட் மாறும் நேரம். நூறு பேர் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மணவாளன் வாயில் வந்தது, “மெயின் ரோட்ல சார். நாய் குறுக்க வந்துடுச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. மெயின் ரோடு என்றால் நேர் வழி. நேர் வழி என்றால் பூஜ்யம். ஞானசேகரன் பெருமூச்சு விட்டு டஸ்டரை நீட்டினார்.

“பலகைய நீங்களே அழிச்சிடுங்க. விதி உங்களுதுதானே.”

கூட்டத்தில் நூறு கிரைண்டர்கள் ஒரே நேரத்தில் நின்றுபோன மாதிரி ஒரு அமைதி. கதிரவன் மெல்லப் பக்கத்தில் வந்தான்.

“சார், உண்மையச் சொன்னீங்கன்னா எல்லாரும் பொழைச்சோம். நானே சொல்லிப்புடுவேன். ஆனா நான் சொன்னா மசாலாவோட சொல்லுவேன்.”

மணவாளன் படிவம் கேட்டு வாங்கினார். விபத்து நடந்த இடம்: துறைமுகம் செல்லும் தெரு. சென்ற காரணம்: சொந்த வேலை. ஞானசேகரன் எட்டிப்பார்த்து, “என்ன வேலைன்னு தெளிவா எழுதணும்னு நீங்கதான் பிரின்ட் பண்ணியிருக்கீங்க” என்றார். மணவாளன் எழுதினார்: நண்டு வறுவல்.

அப்போது எழுந்த விசில், விதியைப் பாராட்டியா நண்டைப் பாராட்டியா என்று தெரியவில்லை. மறுநாள் பலகையில் 999 எழுதினார்.

இனி ஒரு ஆபத்துதான் பாக்கி. படிவத்தின் நகல் ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும், கழற்றுவது குற்றம். அதுவும் அவர் போட்ட விதி. விழா நாளில் அதன்மேல் முதுகைச் சாய்த்தபடியே நின்றார். ‘விபத்தில்லா வீரர்’ என்று மேடைக்கு அழைத்தார்கள். சால்வை போர்த்திக்கொண்டு அங்கிருந்து பார்த்தபோது, புஷ்பவள்ளி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு அந்த நகலைப் படித்துக்கொண்டிருந்தாள். நாய்க் கதையை நம்பி மூன்று நாளாக அவர் முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டவள்.

மடியில் கிரைண்டரை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். முதுநகர் வந்தது. துறைமுகத் தெருவை அவர் தாண்டப் போகும்போது, “இங்க திருப்புங்க” என்றாள்.

“அங்க ரோடு சரியில்ல புஷ்பா.”

“தெரியும். படிச்சேன். திருப்புங்க.”

“அன்னிக்கு ஒரு நாள்தான், சத்தியமா. வாசனை இழுத்துடுச்சு.”

கடை வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் முன்பே அடுப்பிலிருந்து அமராவதி சிரித்தாள். “வாங்க சார்! என்ன நாலு நாளா காணும்? எப்பவும்போல காரம் தூக்கலா கட்டிடவா?”

மணவாளன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. புஷ்பவள்ளி இறங்கி, கிரைண்டரைக் கடை பெஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டு, இதமாகக் கேட்டாள்.

“அவருக்கு ஒன்னும் வேணாம்மா. எத்தினி நாளா வராருன்னு மட்டும் சொல்லு.”

அமராவதி கரண்டியை வைத்துவிட்டு, நினைவுபடுத்திக்கொண்டு, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.